மூணு லைஃப்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. போர்டு எதுவும் கிடையாது. வாசலில் அழுக்கேறிய பச்சைத் திரை தொங்கும். அதை விலக்கினால் இருட்டுக்குள் நான்கு பெட்டிகள். ஒரு டோக்கன் ஒரு ரூபாய். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அங்கே வரும் எல்லாப் பையன்களும் ஆடியது ஒரே கேம்தான்: ‘முஸ்தபா’.

அதன் நிஜப்பெயர் ‘கெடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ என்பதும், 1993இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்டது என்பதும், மார்க் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்கர் வரைந்த காமிக்ஸிலிருந்து வந்தது என்பதும் ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரியும். அதில் வரும் நான்கு பேரில் ஒருவன் முஸ்தபா. வேகமாக ஓடிவந்து உதைப்பான். அவன் பெயரே எங்களுக்கு கேமின் பெயர் ஆகிவிட்டது. இந்தியாவில் பல ஊர்களில் இதே கதைதான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

லைஃப் எல்லாம் தீர்ந்ததும் திரையில் பெரிய எண்கள் இறங்க ஆரம்பிக்கும். ஒன்பது, எட்டு, ஏழு… அதற்குள் இன்னொரு டோக்கன் போட்டால் விட்ட இடத்திலேயே எழுந்து சண்டையைத் தொடரலாம். கடைக்கார அண்ணன் அந்த நேரத்தில் திரையைப் பார்க்கவே மாட்டார். எங்கள் சட்டைப்பையைத்தான் பார்ப்பார்.

“தம்பி, போடுறியா, எந்திரிக்கிறியா?”

வீடியோ கேம்களின் ஐம்பது வருட வரலாற்றை இந்த ஒரு கேள்வியை வைத்தே எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. செத்தால் என்ன ஆகும்? மறுபடி எழ என்ன கொடுக்க வேண்டும்? அதை யார் வாங்கிக்கொள்கிறார்கள்? நான் ஆடிய கேம்களைப் பற்றி எனக்கிருக்கும் அபிப்பிராயங்கள் எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன.

*

முதலில் லைஃப் என்ற சமாச்சாரமே கிடையாது. 1972இல் அட்டாரி நிறுவனம் ‘பாங்’ விளையாட்டைச் செய்து, கலிபோர்னியாவின் சன்னிவேலில் ஒரு மதுக்கடையில் வைத்துப் பார்த்தது. கொஞ்ச நாளில் மெஷின் நின்றுபோனது. ரிப்பேர் பார்க்கப் போனவர் அதை வடிவமைத்த ஆலன் ஆல்கார்ன். திறந்து பார்த்தால் பழுது ஒன்றுமில்லை, காசுப்பெட்டி நிரம்பி வழிந்ததால் வேலை செய்யவில்லை. ஒரு தொழில் பிறந்த கதைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது.

மூன்று லைஃப் என்ற கணக்கு அதற்கும் முந்தைய பின்பால் மெஷின்களின் சொத்து. அங்கே ஒரு காசுக்கு மூன்று பந்து அல்லது ஐந்து பந்து. வீடியோ கேம் வந்தபோது பந்து மனிதனாக, கப்பலாக, பீரங்கியாக மாறியது. எண்ணிக்கை அப்படியே ஒட்டிக்கொண்டது. பெட்டியின் உள்ளே சர்க்யூட் போர்டில் குட்டிக்குட்டி சுவிட்சுகள் இருக்கும். காசுக்கு எத்தனை லைஃப், எவ்வளவு கடினம் என்பதை எல்லாம் கடைக்காரர் அதில் மாற்றி வைத்துக்கொள்ளலாம். நாங்கள் தலையெழுத்து என்று நினைத்ததை அண்ணன் ஸ்க்ரூடிரைவரோடு எழுதிக்கொண்டிருந்தார்.

1978இல் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ செய்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டை நான் வேலைக்குப் போன பிறகுதான் எமுலேட்டரில் ஆடினேன். பழைய சாமான், ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் திறந்தேன். சும்மா சொல்லக்கூடாது, வியர்த்துவிட்டது. வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை, மொத்தம் 55 வேற்றுக்கிரகவாசிகள் மெதுவாக இறங்கி வருவார்கள். சுடச்சுட மிச்சமிருப்பவர்களின் வேகம் கூடும். கடைசி ஒருவன் வெறிபிடித்தவன் போல ஓடுவான். இது திட்டமிட்டுச் செய்ததல்ல. இன்டெல் 8080 சிப்பால் 55 உருவங்களை ஒரே நேரத்தில் நகர்த்த முடியவில்லை. உருவங்கள் குறையக் குறைய அதன் சுமை குறைந்தது, வேகம் தானாகக் கூடியது. நிஷிகாடோ அதைத் திருத்தவில்லை. நல்லாத்தானே இருக்கு என்று விட்டுவிட்டார். நான் இன்றைக்கு எழுதும் கோடில் இப்படி நடந்தால் அதற்கு ஒரு பக் டிக்கெட் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யச் சொல்லிவிடுவார்கள்.

அந்த கேமில் ஜெயிக்க முடியாது. ஓர் அலை முடிந்தால் அடுத்த அலை. அந்தக் காலத்துப் பெட்டி கேம்களில் பெரும்பாலும் அப்படித்தான். நீங்கள் ஜெயித்துவிட்டால் பெட்டிக்கு நஷ்டம். சீக்கிரம் தோற்க வேண்டும், ஆனால் “அடுத்த தடவை தாண்டிருவேன்” என்ற நினைப்போடு தோற்க வேண்டும். 1980இல் டோரு இவாடானி உருவாக்கிய ‘பேக்-மேன்’ விளையாட்டும் இதே ரகம். அதைப் பற்றி என் கருத்து கொஞ்சம் விரோதமானது: மரியாதை உண்டு, பிரியம் இல்லை. பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். ஆனால் அதன் முடிவு எனக்குப் பிடிக்கும். லெவல் எண்ணை வைக்க 8 பிட்தான் ஒதுக்கியிருந்தார்கள். 256ஆவது லெவலில் கணக்கு குழம்பி, திரையின் வலது பாதி முழுக்க எழுத்தும் எண்ணுமாகச் சிதறிவிடும். அதற்கு மேல் போக வழியில்லை. முடிவே இல்லாமல் காசு வாங்குவதற்காகச் செய்த ஒரு கேம், அவ்வளவு தூரம் வந்தவனிடம் ‘போதும், வீட்டுக்குப் போ’ என்று சொல்வது மாதிரி இருக்கும்.

*

பிறகு கேம் வீட்டுக்கு வந்தது. 1983இல் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம், 1985இல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’. எங்கள் வீட்டுக்கு அதெல்லாம் தொண்ணூறுகளின் கடைசியில், நகலெடுத்த மெஷினாக வந்துசேர்ந்தது. ‘9999 இன் 1’ என்று போட்ட மஞ்சள் கேசட். உள்ளே உருப்படியாக இருபது கேம் தேறும், மிச்சமெல்லாம் அதே கேம்கள் வேறு வேறு பெயரில். கேசட் ஓடவில்லையென்றால் எடுத்து ஊத வேண்டும். ஏன் ஊதினோம் என்று யாருக்கும் தெரியாது, எல்லோரும் ஊதினோம்.

வீட்டு மெஷினில் காசு போடும் துளை இல்லை. ஆனாலும் மூன்று லைஃப் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அதற்கு ஒரு காரணமும் இல்லை, வெறும் பழக்கதோஷம். மாரியோவை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோ குழு அந்தத் துளையை கேமுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மாரியோவில் 100 நாணயம் சேர்த்தால் ஒரு லைஃப். நாணயத்துக்கு உயிர் என்ற அதே வியாபாரம்தான், ஆனால் இங்கே காசு உங்கள் பையிலிருந்து போகவில்லை. குதித்துக் குதித்து நீங்களே சம்பாதிக்கிறீர்கள்.

மாரியோவின் முதல் லெவலைவிட நல்ல வாத்தியார் எனக்கு வாய்க்கவில்லை, என் இன்ஜினியரிங் காலேஜையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆரம்பித்த சில நொடிகளில் ஒரு குட்டி எதிரி நடந்து வருவான். குதிக்காவிட்டால் சாவு. செத்தால் இழப்பது சில நொடிகள்தான். பாடம் முடிந்தது. ஒரு வார்த்தை எழுதிக்காட்டவில்லை. அந்த கேம் மொத்தமே 40 கிலோபைட். மேகமும் புதரும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. இப்போது நான் ஒரு பட்டனுக்கு ஐகான் சேர்த்தாலே அதைவிடப் பெரிதாகிவிடுகிறது.

குறையும் சொல்ல வேண்டும். கடைசி உலகம் வரை போய்த் தோற்றால் மறுபடி முதலிலிருந்து. பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு தொடங்கினால் அதே உலகத்தில் தொடரலாம் என்ற ரகசியம் எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. எட்டாவது உலகத்தில் கரண்ட் போன ஒரு மத்தியான நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. டிவி ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. சாவதற்கு நானே காரணமில்லை என்பதுதான் அழுகையாக வந்தது.

‘கான்ட்ரா’வைப் பற்றி யாரும் சொல்லாததைச் சொல்கிறேன்: மூன்று லைஃப் வைத்து அதை ஆடினால் அது அநியாயமான கேம். ஒரு குண்டு பட்டால் சாவு, குண்டோ மழை மாதிரி. ஆனால் எங்களுக்கு அது உலகத்திலேயே சிறந்த கேம். காரணம் அந்த மந்திரம். மேலே இரண்டு, கீழே இரண்டு, இடம் வலம் இடம் வலம், பி, ஏ. முப்பது லைஃப். பக்கத்து வீட்டு அண்ணன்தான் சொல்லித் தந்தான், காதில், ஏதோ பங்காளிச் சொத்து ரகசியம் மாதிரி.

அந்த மந்திரத்தை எழுதியவர் கோனாமியில் வேலைபார்த்த கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986இல் ‘கிரேடியஸ்’ என்ற கேமை ஃபேமிகாமுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சோதிப்பதற்காக ஆடினால் அவராலேயே தாண்ட முடியவில்லை. ஆகவே தன் வசதிக்காக ஒரு குறுக்குவழி வைத்தார். அது வெளியான கேமிலும் தங்கிவிட்டது. பிறகு கோனாமியே அதைத் தன் மற்ற கேம்களிலும் போட ஆரம்பித்தது. 2020 பிப்ரவரியில் அவர் இறந்தபோது, உலகம் முழுக்க முன்பின் தெரியாத ஆட்கள் அந்த மேல்-கீழ்-இடம்-வலத்தை எழுதி அஞ்சலி செலுத்தினார்கள். ஒரு புரோகிராமர் விட்டுவைத்த ஓட்டைக்கு இவ்வளவு நன்றி கிடைத்து நான் பார்த்ததில்லை. இவர் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

*

உயிரின் எண்ணிக்கையையே தூக்கி எறிந்த கேமை நான் பார்த்தது பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேபில். ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’, 1989. அமெரிக்காவில் ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் ஆப்பிள் 2 கணினிக்காக ஏறக்குறைய தனியாளாகச் செய்தது. தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, அதைக் கட்டம் கட்டமாகப் பார்த்து வரைந்தார். அதனால்தான் அந்த இளவரசன் விளிம்பில் தொங்கும்போது நமக்குக் கை வலிக்கிறது.

அதில் எத்தனை தடவை வேண்டுமானாலும் சாகலாம். ஆனால் மொத்தம் 60 நிமிடம்தான். அதற்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். விலை காசில் இல்லை, நேரத்தில். லேப் பீரியட் நாற்பது நிமிடம் என்பதால் எங்களால் அதை ஒழுங்காக முடிக்கவே முடிந்ததில்லை, அது வேறு விஷயம்.

எனக்குப் பிடித்த கேம் எது என்று கேட்டால் இதுதான். காரணம் நிழல். நான்காவது லெவலில் ஒரு கண்ணாடி வரும். அதை உடைத்துக்கொண்டு பாய்ந்தால் உள்ளிருந்து உங்கள் நிழலுரு ஒன்று எதிர்ப்பக்கம் ஓடிவிடும். பிறகு உங்கள் மருந்தைக் குடிக்கும், கதவைச் சாத்தும். உண்மையில் மெக்னரிடம் இன்னொரு எதிரியை வரைந்து வைக்க மெமரி மிச்சமில்லை. அதனால் இளவரசனின் படத்தையே கொஞ்சம் தள்ளி, பிட்டுகளைப் புரட்டிப்போட்டு ஒரு பிசாசைச் செய்தார். பன்னிரண்டாவது லெவலில் அந்த நிழல் வாளோடு எதிரே நிற்கும். அதை வெட்டினால் உங்கள் ரத்தம் குறையும். அதைக் கொன்றால் நீங்களும் செத்துவிடுவீர்கள். ஜெயிக்க ஒரே வழி, வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி நடப்பது. இரண்டும் ஒன்றாகிவிடும்.

இதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் கண்டுபிடித்தேன். ஹாஸ்டலில் ராத்திரி இரண்டு மணி. பத்துப் பதினைந்து தடவை செத்த பிறகு, கை தவறித்தான் வாளை உறையில் போட்டேன். அதுவரை சாவு என்பது தண்டனை. அன்றைக்கு முதன்முறையாக ஒரு சாவு எனக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் கேட்கவில்லை என்று புரிந்தது.

*

அப்படியானால் சாவை இலவசமாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது.

‘டூம்’ (1993) நினைத்த இடத்தில் சேவ் செய்ய விட்டது. நான் ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் சேவ் செய்தேன். பயமே போய்விட்டது. பயமுறுத்தும் கேமில் பயத்தை நானே கழற்றி வைத்துவிட்டு, நல்லா இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

‘வைஸ் சிட்டி’ (2002) இன்னும் மோசம். பிரவுசிங் சென்டரில் என் தலைமுறையே கூடிக்கிடந்த கேம். திட்டினால் அடிக்க வருவீர்கள், பரவாயில்லை. செத்தால் ஆஸ்பத்திரி வாசலில் எழுவீர்கள், கொஞ்சம் பணமும் துப்பாக்கிகளும் போயிருக்கும். சீட் கோடு அடித்தால் அதுவும் திரும்ப வந்துவிடும். அதன் கதையை முழுக்க முடித்தவர்களை என் நண்பர்களில் விரல்விட்டு எண்ணலாம். நானும் முடிக்கவில்லை. கார் ஓட்டினோம், ரேடியோ கேட்டோம், டாங்கியை வரவழைத்தோம். ஊர் சுற்ற நல்ல இடம். விளையாட்டாக, சுமார்தான்.

சில வருடம் முன்பு முஸ்தபாவையே எமுலேட்டரில் இறக்கினேன். ஒரு பட்டனைத் தட்டினால் டோக்கன் விழும், எத்தனை வேண்டுமானாலும். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தேன். கடைசி வில்லனை அடித்தபோது ஒன்றுமே தோன்றவில்லை. அந்த ஒரு ரூபாய் இருந்ததால்தான் கை நடுங்கியது போல. சாவுக்கு ஒரு விலை வேண்டும் என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டேன். அந்த விலையை எதில் வாங்குகிறார்கள் என்பதில்தான் ஒரு கேமின் குணம் இருக்கிறது.

‘டார்க் சோல்ஸ்’ (2011) இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. ஹிடெடாகா மியாசாகியின் அந்த உலகத்தில் செத்தால், சேர்த்ததெல்லாம் செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாம். போகிற வழியில் மறுபடி செத்தால் மொத்தமும் காலி. பணயம் உங்கள் பேராசை மட்டும்தான். அற்புதம். ஆனால் இரண்டாம் பாதி அவசரத்தில் கட்டியது பளிச்சென்று தெரிகிறது, லாஸ்ட் இசாலித் பகுதியை எந்த ரசிகராலும் காப்பாற்ற முடியாது. அதன் ரசிகர்கள் கஷ்டப்பட்டதை ஐ.ஏ.எஸ். பாஸ் பண்ணிய மாதிரி சொல்லித் திரிவதும் எரிச்சல்தான். 2018இல் வந்த ‘செலஸ்ட்’ அதே அளவு கடினம். ஆயிரம் தடவை செத்தாலும் ஒரு நொடியில் எழுப்பிவிட்டு, செத்த கணக்கைப் பெருமையாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. கஷ்டமாக இருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் விடுகிறது, கேலி செய்யாமல்.

*

2012இல் காசுத்துளை திரும்பி வந்தது. இந்தத் தடவை நம் சட்டைப்பைக்குள்ளேயே, போனில்.

கிங் நிறுவனத்தின் ‘கேண்டி க்ரஷ் சாகா’வில் ஐந்து லைஃப். ஒன்று போனால் திரும்ப வர 30 நிமிடம். காத்திருக்கலாம், நண்பர்களிடம் கேட்கலாம், காசு கொடுத்து வாங்கலாம். கேம் என்ற அளவில் அது மிக நேர்த்தியான வேலை. அந்த மிட்டாய் உடையும் சத்தத்துக்கே ஒரு விருது கொடுக்கலாம். ஆனால் பழைய பெட்டியில் அண்ணன் நேருக்கு நேர் கேட்டார். இங்கே கேட்பவர் முகம் தெரியாது, கடையும் சாத்துவதில்லை. ஆக்டிவிஷன் பிளிசார்ட் 2016இல் அந்த நிறுவனத்தை 590 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு விஷயத்தில் பப்ஜியைப் பாராட்ட வேண்டும். நூறு பேர் குதிப்பார்கள், ஒரே உயிர், மிஞ்சுபவன் ஜெயித்தான். அது சட்டையை விற்றது, தொப்பியை விற்றது, உயிரை விற்கவில்லை.

வியட்நாமின் ஹனோயில் டோங் நுயென் என்றொருவர் இருக்கிறார். அவர் செய்த ‘ஃப்ளாப்பி பேர்ட்’ 2014 ஜனவரியில் உலகத்தையே பிடித்து ஆட்டியது. விளம்பரத்தில் ஒரு நாளைக்கு 50,000 டாலர் வருகிறது என்று செய்தி வந்தது. பிப்ரவரியில் கேமைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். ஆட்கள் அதற்கு அடிமையாவது தனக்குச் சரியாகப் படவில்லை என்றார். அப்போது நாங்கள் ஆபீஸ் கேன்டீனில் அவரைப் பைத்தியக்காரன் என்று பேசிக்கொண்டோம்.

எந்த ஆபீஸ் என்று சொல்ல வேண்டாம். மொபைல் கேம் செய்யும் ஒரு நிறுவனம். மூன்று வருடம் அங்கே இருந்தேன். லைஃப் தீர்ந்தால் திரும்ப நிரம்பும் அந்த டைமர் என் பொறுப்பு. எவ்வளவு நேரம் காக்கவைத்தால் ஆட்கள் காசு கொடுக்கிறார்கள், எவ்வளவு நேரமானால் கேமையே அழித்துவிட்டுப் போகிறார்கள் என்று அளந்து பார்ப்போம். நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம்.

பையன் செய்த கேம் என்பதற்காகவே அம்மா அதைத் தன் போனில் இறக்கி வைத்திருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். ஒருநாள் போனில் கேட்டாள்:

“ஏம்ப்பா, லைஃப் போனா எதுக்கு இவ்ளோ நேரம் நிக்கச் சொல்லுது?”

“கண்ணுக்கு ரெஸ்ட் கொடுக்கத்தான்மா.”

அவள் நம்பினாள். நல்ல கம்பெனிப்பா, என்றாள்.

என் கார்டுதான் அவள் போனில் இணைந்திருந்தது. அவ்வப்போது எனக்கு 89 ரூபாய், 89 ரூபாய் என்று பேங்கிலிருந்து மெசேஜ் வரும். கேட்கவில்லை. பிறகு அந்த மெசேஜ் நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருக்கிறாள்: போனில் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தால் லைஃப் எல்லாம் நிரம்பிவிடும். அம்மா அதை என்னிடம் சொன்னபோது குரலில் அப்படியொரு சந்தோஷம். கான்ட்ரா மந்திரத்தை எனக்குச் சொன்ன அந்த அண்ணன் குரல் மாதிரியே இருந்தது.

அந்த ஓட்டை எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பட்டியலில் இருந்தது. போனின் கடிகாரத்தை நம்பாமல் சர்வரின் நேரத்தைக் கேட்டு வாங்கினால் தீர்ந்தது, பெரிய வேலை இல்லை. அந்த மாதமே என்னிடம் வந்தது. செய்தேன். ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. ஹாஷிமோட்டோ விட்டுவைத்த ஓட்டை வழியாக ஒரு கோடை விடுமுறை முழுக்க ஓடியவன், என் பங்குக்கு ஓர் ஓட்டையை அடைத்தேன். டீம் மீட்டிங்கில் நல்ல வேலை என்றார்கள்.

பிறகு அந்த வேலையை விட்டேன். மனசாட்சி என்று எழுத ஆசைதான். நிஜத்தில் வேறு இடத்தில் சம்பளம் அதிகம் கிடைத்தது.

அந்த அப்டேட் போன வாரக் கடைசியில் அம்மா கூப்பிட்டாள்.

“கடிகாரத்த மாத்துனா இப்ப ஒண்ணும் ஆக மாட்டேங்குதுப்பா. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. போன் கெட்டுப்போச்சோ?”

“இல்லம்மா, போன் நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் ஏன்?”

பச்சைத் திரைக்குப் பின்னால் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. இந்தத் தடவை நான் நின்றிருந்தது அண்ணனின் இடத்தில். அம்மா பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.